ஆகஸ்ட், எடைப் பதிவேடு

காலை ஐந்தே முக்கால்.
உடைமாற்றும் அறை வாசலில் தராசை இழுத்துப் போட்டு
முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவருகிறேன்.
தொண்ணூற்றொரு பேர்
அரைக்கால் சட்டையோடு வரிசையில்.
யாரும் குட்மார்னிங் சொல்வதில்லை.
பெயர், எடை, அடுத்த ஆள்.
என் பெயர் ஒடெஸா.
இவர்களுக்கு நான் தராசு.

ஆர்லன் டாக்கெட், இருநூற்று எழுபத்தெட்டுப் பவுண்டு.
கீஷான் மேப்ரி, நூற்று எண்பத்தொன்று.
சியோனே வைநுக்கு ஏறி நின்றால்
தராசு முனகி ஒரு வார்த்தை சொல்லும்,
அதை நான் எழுதிக்கொள்வதில்லை.

மிசிசிப்பியில் இந்த மாதம்
வெயில் காய்வதில்லை, அவிக்கிறது.
பருத்திக் காட்டிலிருந்தும்
கெளுத்தி மீன் குட்டைகளிலிருந்தும்
ஆவி எழுந்து வந்து
மைதானத்தின்மேல் மூடிபோல் உட்காரும்.
ஆறரைக்கு முதல் விசில்.

முதல் இரண்டு நாள் தலைக்கவசம் மட்டும்.
பிறகு தோள்கவசம்.
ஆறாம் நாள்தான் முழுக் கவசத்தோடு
ஆள்மேல் ஆள் விழ அனுமதி.
அந்த முதல் மோதலின் சத்தம்,
யாரோ கோபத்தில் கார் கதவை அறைந்தது போல.
ஒரே நேரத்தில் பதினோரு கார்.

'இன்னொரு தடவை' என்பார் கோச் ப்ரூயிட்.
அவருக்கு வேறு வாக்கியமும் தெரியும்,
செப்டம்பரில் சொல்வார்.
இரும்புச் சட்டத்தின்மேல் அவர் ஏறி நிற்க
ஐந்து பேர் அவரையும் சேர்த்துத்
தள்ளிக்கொண்டு போகிறார்கள்,
எங்கும் போய்ச் சேராத ஒரு வண்டியை.
மேப்ரி வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்து
கையுறையால் வாயைத் துடைத்து
ஓடிப்போய் அடுத்த பந்தைப் பிடித்தான்.
நல்ல பிடி. யாரும் கைதட்டவில்லை.

பத்து மணிக்கு மறுபடி வரிசை.
டாக்கெட், ஆறு குறைவு.
மேப்ரியும் ஆறு குறைவு,
ஆனால் அவன் உடம்புக்கு அது அதிகம்,
சிவப்பு மையில் வட்டம்.
குறைந்த ஒவ்வொரு பவுண்டுக்கும்
ஒன்றரைப் பாட்டில் தண்ணீர்
குடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

யாரும் கேட்காத ஒரு கணக்கை
இரவில் உட்கார்ந்து கூட்டினேன்.
மொத்த இழப்பு இருநூற்று அறுபத்துநான்கு.
ஒரு முழு ஆள்.
நாளொன்றுக்கு ஒரு முழு ஆளைக் குடித்துவிட்டு
அந்தப் புல்
ஒன்றும் தெரியாதது போலப் பச்சையாய்க் கிடக்கிறது.

ராண்டல் குவிம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும்.
உதவித்தொகை இல்லாமல் வந்தவன்,
நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் தரும் வேலைக்கு
நான்காவது ஆள்.
இருநூற்று அறுபது இருந்தால் பார்க்கலாம் என்று
அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
தராசில் ஏறும்போது
இடுப்புத் துண்டுக்குள் இரும்போடு இரும்பு
மெல்லக் கிணுகிணுக்கும்.
நான் கேட்டேன்.
நான் கேட்டது அவனுக்கும் தெரியும்.
கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.
இருநூற்று அறுபது, என்று எழுதினேன்.
எட்டு நாள் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் மாலை மின்னல்.
சைரன் ஊத எல்லோரும் உள்ளே ஓடினார்கள்.
நனைந்த கூட்டத்துக்கு நடுவே
கதவில் புதுப் பட்டியலை ஒட்டினார்கள்.
குவிம்பி மேலிருந்து கீழே படித்தான்,
பிறகு கீழிருந்து மேலே.
மழை விடக் காத்திருக்கவில்லை.

மறுநாள் அவன் அலமாரியில்
பெயர் ஒட்டியிருந்த நாடாவின் பிசின் மட்டும்.
உள்ளே, மடித்த துண்டின்மேல்,
இரண்டரைப் பவுண்டு வட்டு இரண்டு.
பளுதூக்கும் அறைக்கு நான்தான் கொண்டுபோனேன்.
போகிற வழியில் தராசு இருந்தது.
வைத்துப் பார்த்தேன்.
சரியாக ஐந்து.

அன்று தொண்ணூறு பேர்.
நானோ பழக்கதோஷத்தில்
தொண்ணூற்றொரு பாட்டில் நிரப்பிவைத்திருந்தேன்.
'குவிம்பி எங்கே?' என்றான் வைநுக்கு,
தராசு முனகியது.
'அடுத்த ஆள்' என்றேன்.

மிஞ்சிய பாட்டிலை
பதினொரு மணிவாக்கில் நானே குடித்தேன்.
நல்ல வெயில்.